சுடோ கொடுக்காமல் மற்றவர்களையும் கார்டை மவுண்ட் செய்ய விடுவது எப்படி?

#1 ஒலித்துளி

வணக்கம். நாங்கள் நான்கு பேர் களத்தில் ஒலிப்பதிவு செய்கிறோம். பதிவுக் கருவியின் எஸ்டி கார்டுகளை யூஎஸ்பி ரீடரில் செருகி, பொதுவாக வைத்திருக்கும் ஒரு கணினிக்கு நகலெடுப்போம். அதில் டெபியன் 12 (லினக்ஸ்) ஓடுகிறது. காப்புநகலுக்கு 4 டிபி வெளி டிஸ்க் ஒன்றும் உண்டு.

கணினிக்கு எதிரில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. கார்டைச் செருகியதும் கோப்பு மேலாளரில் வந்து நிற்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒருவர் கார்டைச் செருகிவிட்டு வெளியேறிவிடுவார், இன்னொருவர் எஸ்எஸ்ஹெச் வழியாக (தொலைவிலிருந்து) வந்து நகலெடுக்க வேண்டியிருக்கும். அவர் மவுண்ட் ஆணை (கார்டை ஓர் அடைவோடு இணைப்பது) கொடுத்தால் ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள கணக்கு) மட்டும்தான் என்று தள்ளிவிடுகிறது. யூடிஸ்க்ஸ்சிடிஎல் (மவுண்ட் செய்யும் மற்றொரு ஆணை) போட்டால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அந்த நிர்வாகி நான்தான். ஒவ்வொரு முறையும் எனக்கு அழைப்பு வருகிறது.

செய்து பார்த்தவை: மவுண்ட் செய்யும் அடைவுக்கு சிஹெச்மாட் 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்). மாற்றமில்லை. எல்லோரையும் பிளக்டெவ் குழுவில் சேர்த்தேன். மாற்றமில்லை.

இன்னொன்று. காப்புநகல் டிஸ்க்கை நானே ரூட்டாக மவுண்ட் செய்து கொடுத்தாலும் மற்றவர்களால் அதில் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் சுடோ (ரூட்டாக ஆணை ஓட்டும் அனுமதி) கொடுக்க எனக்கு மனமில்லை. வழி இருக்கிறதா?

#2 வேகத்தட்டு

எல்லாரையும் டிஸ்க் குழுவில் போடுங்க. முடிஞ்சுது வேலை.

#3 பூட்டுச்சாவி

#2-ஐ யாரும் செய்துவிடாதீர்கள்.

டெவ் அடைவில் இருக்கும் வன்தட்டுக் கோப்புகள் எல்லாம் டிஸ்க் குழுவுக்குச் சொந்தமானவை, அந்தக் குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் உரிமை உண்டு. அதாவது அந்தக் குழுவில் இருப்பவர் கோப்பு அமைப்பைத் தொடாமலேயே டிஸ்க்கின் பைட்டுகளை நேராக எடுக்கலாம். டீபக்எஃப்எஸ் என்ற கருவி இஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பை மவுண்ட் செய்யாமலேயே திறக்கும். ரூட் பகிர்வைத் திறந்து கடவுச்சொல் விவரங்கள் உள்ள ஷேடோ கோப்பைப் படிக்க அரை நிமிடம் போதும். சுடோ கொடுத்தாலாவது பதிவேட்டில் யார் என்ன செய்தார் என்று ஒரு வரி விழும். இதில் அதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் கேட்டதற்கு இது விடையும் இல்லை. டிஸ்க் குழுவில் இருந்தாலும் மவுண்ட் ஆணை மறுக்கத்தான் செய்யும்.

#4 வேகத்தட்டு

என் மடிக்கணினியில நான் ஒருத்தன்தான், அதனால யோசிக்கல. வாபஸ்.

#5 கருந்திரை

ஒலித்துளி, நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதற்குள் வேறு வேறு கேள்விகள் இருக்கின்றன. அவை கலந்து கிடப்பதால்தான் சிஹெச்மாட் வேலை செய்யவில்லை.

முதலில், மவுண்ட் செய்யும் உரிமை யாருக்கு? லினக்ஸின் உட்கருவான கர்னலைப் பொறுத்தவரை மவுண்ட் என்பது கேப்-சிஸ்-அட்மின் தகுதி உள்ளவருக்கு மட்டும். சாதாரணப் பயனர் செய்ய வேண்டுமானால் அவருக்காக ரூட் உரிமையுள்ள யாராவது செய்து கொடுக்க வேண்டும். அப்படிச் செய்து கொடுக்க இரண்டு தரகர்கள் உண்டு. ஒன்று, மவுண்ட் ஆணையே. அது செட்யுஐடி ரூட்டாக (யார் ஓட்டினாலும் ரூட் உரிமையோடு ஓடும்) இருக்கிறது, எஃப்எஸ்டேப் கோப்பில் நிர்வாகி எழுதி வைத்ததை மட்டும் சாதாரணப் பயனருக்காகச் செய்யும். மற்றொன்று, யூடிஸ்க்ஸ் சேவை. அது பின்னணியில் ரூட்டாக ஓடும், கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று, அதைத் தீர்மானிக்கும் போல்கிட் சேவையிடம் விசாரித்துவிட்டுச் செய்யும். பிளக்டெவ் குழுவை இந்த இருவரும் பார்ப்பதே இல்லை. அது பீமவுண்ட் என்ற பழைய கருவியின் காலத்து மிச்சம்.

மவுண்ட் ஆன பிறகு உள்ளே இருக்கும் கோப்புகள் யாருடையவை என்பது அடுத்தது. இதற்கும் முதல் கேள்விக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விடையும் கோப்பு அமைப்பைப் பொறுத்து மாறும்.

இதற்கு மேல் மவுண்டின் போது கொடுக்கும் தடைகள் வேறு: நோஎக்ஸெக் (நிரல் ஓட்டத் தடை), நோஎஸ்யுஐடி (செட்யுஐடி செல்லாது), நோடெவ் (சாதனக் கோப்புகள் செல்லாது), படிக்க மட்டும்.

சிஹெச்மாட் ஏன் பலிக்கவில்லை? நீங்கள் 777 போட்டது காலி அடைவுக்கு. அதன் மேல் கார்டு வந்து உட்கார்ந்ததும் பழைய அடைவு மறைந்து கார்டின் வேர் அடைவுதான் தெரியும், அதன் அனுமதிகள்தான் செல்லும். கதவுக்கு வண்ணம் அடித்துவிட்டு வேறு கதவைப் பொருத்தியது போல.

எஸ்எஸ்ஹெச் வழியாக யூடிஸ்க்ஸ்சிடிஎல் போட்டதும் வரும் செய்தியை வரி விடாமல் எழுதுங்கள். போல்கிட் பதிப்பு எண்ணும், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-வை எஃப் தேர்வோடு ஓட்டினால் வருவதும் வேண்டும்.

#6 ஒலித்துளி

நன்றி. செய்தியில் ‘ஃபைல்சிஸ்டம்-மவுண்ட்-அதர்-ஸீட்’ என்பதற்காக அனுமதி சோதிக்கிறேன் என்று வருகிறது, பிறகு என் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல் கேட்கிறது. போல்கிட் 122. கார்டு எக்ஸ்ஃபேட், காப்புநகல் டிஸ்க் இஎக்ஸ்டி4.

ஸீட் என்றால் என்ன? நாற்காலியா?

#7 கருந்திரை

கிட்டத்தட்ட நாற்காலியேதான். ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு சுட்டி சேர்ந்தது ஒரு ஸீட். ஸீட்0 என்பது உங்கள் கணினியின் முன்னால் இருக்கும் நாற்காலி. யூஎஸ்பி துளைகளும் அந்த நாற்காலியைச் சேர்ந்தவை என்றுதான் சிஸ்டம்டியின் (கணினியின் சேவைகளை நடத்துவது) லாகின்டி கணக்கு வைத்திருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் வருபவருக்கு நாற்காலியே கிடையாது. லாகின்சிடிஎல்லில் உங்கள் அமர்வைப் பாருங்கள், ஸீட் இடம் காலியாக, ரிமோட் என்பது ‘ஆம்’ என்று இருக்கும்.

போல்கிட்டில் ஒவ்வொரு செயலுக்கும் மூன்று இயல்பு விடைகள் எழுதியிருக்கும். நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று. நாற்காலியில் அமர்வு திறந்து வைத்துவிட்டுப் பின்னால் போனவருக்கு ஒன்று. எஸ்எஸ்ஹெச்காரர் போன்ற மற்ற எவருக்கும் ஒன்று. யூடிஸ்க்ஸின் சாதாரண மவுண்ட் செயலுக்கு முதலாமவருக்கு ‘சரி’, மற்ற இருவருக்கும் ‘நிர்வாகி கடவுச்சொல்’. உங்கள் கணினியில் நடப்பது பிழை அல்ல, எழுதி வைத்தபடியே நடக்கிறது.

இதற்கு நியாயமும் உண்டு. நான் என் பென்டிரைவைச் செருகி என் கோப்புகளைப் பார்க்கிறேன். எங்கிருந்தோ எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்த ஒருவர் எனக்கு முன்னால் அதை மவுண்ட் செய்து நகலெடுத்துக்கொண்டால்? துளையில் கைவைக்கக்கூடிய ஆள்தான் சொந்தக்காரர் என்பது அந்த வடிவமைப்பின் ஊகம். உங்கள் குழுவில் அந்த ஊகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

#8 பழையகர்னல்

தம்பி ஒலித்துளி, இதற்குப் போல்கிட் வரை போக வேண்டாம். எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி எழுது. யுயுஐடி (டிஸ்க் பகிர்வின் அடையாள எண்), மவுண்ட் அடைவு, கோப்பு அமைப்பு, தேர்வுகளில் நோஆட்டோ (தானாக மவுண்ட் ஆகாது), யூசர்ஸ். பிறகு எவர் வேண்டுமானாலும் அந்த அடைவைச் சொல்லி மவுண்ட் செய்யலாம். முப்பது வருடமாக வேலை செய்யும் வழி. ‘யூசர்’ என்று போட்டால் மவுண்ட் செய்தவர் மட்டுமே கழற்ற முடியும், ‘யூசர்ஸ்’ என்றால் யாரும் கழற்றலாம். ஓர் எழுத்துக்கு இவ்வளவு வேறுபாடு. இரண்டுமே நோஎக்ஸெக், நோஎஸ்யுஐடி, நோடெவ் மூன்றையும் தானாகச் சேர்த்துக்கொள்ளும், அதனால் பாதுகாப்பும் உண்டு.

எஸ்டிபி1, எஸ்டிசி1 என்ற சாதனப் பெயரை மட்டும் நம்பாதே. செருகும் வரிசை மாறினால் பெயரும் மாறும்.

#9 ஒலித்துளி

அண்ணா, தங்கச்சி என்று சொல்லலாம் :)

கார்டுகள் எட்டு பத்து இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியா?

#10 பழையகர்னல்

மன்னிக்கணும் தங்கச்சி. ஆமாம், கார்டுக்கு ஒரு வரி. ஒரு தடவை எழுதினால் போதுமே.

#11 கருந்திரை

ஒரு தடவை போதாது ஐயா. அவர்களுடைய கார்டுகள் பதிவுக் கருவியிலேயே அடிக்கடி ஃபார்மட் ஆகும். எக்ஸ்ஃபேட்டில் நாம் யுயுஐடி என்று அழைப்பது உண்மையில் எட்டு இலக்கத் தொகுதி எண். ஃபார்மட் செய்யும்போதெல்லாம் அது புதிதாகப் பிறக்கும். வாரத்துக்கு ஒரு முறை எஃப்எஸ்டேப்பைத் திருத்த வேண்டிவரும், அதைத் திருத்த ரூட் வேண்டும், மறுபடியும் ஒலித்துளிக்கே அழைப்பு.

ஆனால் நீங்கள் சொன்ன வழி அந்த 4 டிபி டிஸ்க்குக்குக் கச்சிதம். அது ஒன்றே ஒன்று, யுயுஐடி மாறாது. ஆகவே டிஸ்க்குக்கு எஃப்எஸ்டேப், கார்டுகளுக்குப் போல்கிட். இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

#12 பழையகர்னல்

ஃபார்மட் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

எஃப்எஸ்டேப் வரி எழுதும்போது ஒன்று மட்டும் கவனம். நோஆட்டோவும் இல்லாமல், நோஃபெயிலும் (டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடர்வது) இல்லாமல் வெளி டிஸ்க்கை எழுதாதே. நான் ஒருமுறை எழுதினேன். டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தபோது கணினி மறுதொடக்கம் ஆனது. சிஸ்டம்டி அந்த டிஸ்க் வரும் என்று 90 விநாடி காத்திருந்தது, வரவில்லை, அவசர நிலைக்குள் போய் நின்றுகொண்டது. எஸ்எஸ்ஹெச்சும் எழும்பவில்லை. நான் இருந்ததோ வேறொரு கட்டிடத்தில். போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

#13 எறும்பு

இழையை வாசித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சந்தேகம். சுடோயர்ஸில் (சுடோ விதிகள் உள்ள கோப்பு) மவுண்ட் ஆணைக்கு மட்டும் கடவுச்சொல் இல்லாமல் அனுமதி கொடுத்தால் போதாதா? முழு சுடோ இல்லையே.

#14 பூட்டுச்சாவி

முழு சுடோதான், கொஞ்சம் சுற்றுவழி. என் சொந்தக் கணினியில், அங்கே எனக்கு ரூட் உண்டு, ஓர் இஎக்ஸ்டி4 படக்கோப்பு உருவாக்குகிறேன். அதற்குள் ஷெல்லின் நகல் ஒன்றை ரூட்டுக்குச் சொந்தமாக்கி செட்யுஐடி பிட்டும் வைக்கிறேன். அந்தக் கோப்பை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து, நீங்கள் கொடுத்த சுடோ மவுண்டால் லூப் கருவியாக (கோப்பையே டிஸ்க் போலக் காட்டுவது) மவுண்ட் செய்கிறேன். உள்ளே போய் ஷெல்லை ஓட்டினால் ரூட். நோஎஸ்யுஐடி என்று ஒரு தேர்வு இருப்பதே இதற்காகத்தான். சுடோவில் தேர்வுகளை நான் தீர்மானிக்கிறேன், எஃப்எஸ்டேப்பிலும் யூடிஸ்க்ஸிலும் நிர்வாகி தீர்மானிக்கிறார்.

#15 ஒலித்துளி

போல்கிட் விதியை நேற்று எழுதிப் பார்த்தேன். ஒரு வழிகாட்டியில் இருந்தபடி லோக்கல்அத்தாரிட்டி அடைவை உருவாக்கி அதில் பிகேஎல்ஏ கோப்பு வைத்தேன். எந்த விளைவும் இல்லை. பிழைச் செய்திகூட இல்லை. மறுதொடக்கமும் செய்தாகிவிட்டது.

#16 கருந்திரை

பிழைச் செய்தி வராது, ஏனென்றால் அந்தக் கோப்பை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

போல்கிட் 0.106 வந்தது 2012-இல். அதோடு பிகேஎல்ஏ போய், ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் ரூல்ஸ் கோப்புகள் வந்தன. டெபியன் மட்டும் பிடிவாதமாக 0.105-லேயே பத்தாண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இல்தான் ஒரே தாவாக 122-க்குப் போனது. அதனால் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் என்று எழுதப்பட்ட பழைய வழிகாட்டிகள் முக்கால்வாசி பிகேஎல்ஏ முறையைச் சொல்லும், உங்கள் கணினியில் அது செல்லாக்காசு. பழைய கோப்புகளைப் படிக்கத் தனிப் பொதி ஒன்று இருக்கிறது, ஆனால் புதிதாக எழுதுபவருக்கு அது தேவையில்லை.

இப்படிச் செய்யுங்கள். ‘கார்டுகுழு’ மாதிரி புதிதாக ஒரு குழு உருவாக்கி நால்வரையும் சேருங்கள். ஈடிசி அடைவில் போல்கிட்-1, அதற்குள் ரூல்ஸ்.டி. அங்கே 10 என்று தொடங்கி ரூல்ஸ் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு. கோப்புகள் பெயர் வரிசைப்படிதான் படிக்கப்படும், முதலில் விடை சொல்லும் விதியே வெல்லும். அதனால்தான் சிறிய எண். உள்ளே ஆட்ரூல் என்பதற்கு ஒரு ஃபங்ஷன் கொடுக்கிறீர்கள். அதில் பார்க்க வேண்டியது இரண்டே: செயலின் பெயர் ஃபைல்சிஸ்டம்-மவுண்ட்-அதர்-ஸீட்தானா, கேட்பவர் கார்டுகுழுவில் இருக்கிறாரா. இரண்டும் ஆம் என்றால் ‘யெஸ்’ என்ற முடிவைத் திருப்புங்கள். இல்லை என்றால் ஒன்றும் திருப்பாமல் விடுங்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் பலர் வழுக்குவார்கள். ‘இல்லையென்றால் நோ’ என்று எழுதினால் கார்டு மட்டுமல்ல, வைஃபை மாற்றுவது, கணினியை அணைப்பது என்று போல்கிட்டைக் கேட்கும் எல்லாமே மறுக்கப்படும், ஏனென்றால் எல்லாக் கேள்விகளும் உங்கள் விதியைத் தாண்டித்தான் போகின்றன.

ஆணையையும் கோப்பையும் அப்படியே ஒட்டாமல் வாயால் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள். மேன் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே தட்டினால் அடுத்த முறை பிகேஎல்ஏ மாதிரி ஏமாற மாட்டீர்கள்.

#17 ஒலித்துளி

எழுதினேன். பலிக்கவில்லை. ஆனால் இந்த முறை ஜர்னலில் (கணினியின் பதிவேடு) போல்கிட் ஏதோ புலம்பியிருக்கிறது, கோப்பைத் திறக்க அனுமதி இல்லையாம். ரூட் எழுதிய கோப்பை ரூட்டால் படிக்க முடியாதா?

#18 பழையகர்னல்

போல்கிட் ரூட்டாக ஓடவில்லை தங்கச்சி. போல்கிட்டிடி என்று அதற்கே தனிப் பயனர். உன் ரூட்டின் யூமாஸ்க் (புதுக்கோப்பின் உரிமைகளைக் குறைக்கும் எண்) 077 ஆக இருக்கும், கோப்பு 600 ஆக, சொந்தக்காரருக்கு மட்டும் என்று பிறந்திருக்கும். 644 ஆக்கு, எல்லோரும் படிக்கலாம்.

#19 ஒலித்துளி

அதேதான்! 644 ஆக்கியதும் கடவுச்சொல் கேட்காமல் மவுண்ட் ஆகிவிட்டது. பழையகர்னல் அண்ணாவுக்குப் பெரிய கும்பிடு.

அடுத்த சிக்கல். மேசையில் இருக்கும் நண்பர் வெளியேறாமல் இருந்தால் அவருடைய டெஸ்க்டாப் கார்டைத் தானே மவுண்ட் செய்துவிடுகிறது. மீடியா அடைவில் அவர் பெயரில் ஒரு அடைவு, அதற்குள் கார்டு. எங்களால் அதற்குள் நுழையவே முடியவில்லை.

#20 கருந்திரை

அதுவும் எழுதி வைத்தபடியே. அவர் பெயரிலான அடைவில் யூடிஸ்க்ஸ் ஏசிஎல் (ஆள்வாரி அனுமதிப் பட்டியல்) வைக்கிறது, அவர் ஒருவருக்கு மட்டும் வழி. (ஃபெடோரா போன்றவற்றில் இந்த அடைவு ரன் அடைவுக்குள் மீடியா என்று இருக்கும். கோட்பாடு ஒன்றே.)

இதை மாற்ற யூடெவ் (செருகும் சாதனங்களைக் கவனிக்கும் சேவை) விதி ஒன்று போதும். யூடிஸ்க்ஸ்_ஃபைல்சிஸ்டம்_ஷேர்ட் என்ற பண்பை 1 ஆக்கினால் தனியாள் அடைவை விட்டுவிட்டு நேராக மீடியாவுக்குள் கார்டின் பெயரில் மவுண்ட் ஆகும், எல்லோரும் பார்க்கலாம். ஆனால் எல்லா யூஎஸ்பி சாதனத்துக்கும் போடாதீர்கள். உங்கள் ரீடரின் வென்டார் எண்ணையும் புராடக்ட் எண்ணையும் விதியில் சேர்த்து அந்த ரீடருக்கு மட்டும் போடுங்கள். இல்லாவிட்டால் நண்பர் தன் சொந்த பென்டிரைவைச் செருகினாலும் ஊருக்கே திறந்துவிடும்.

எக்ஸ்ஃபேட்டுக்கு உரிமையாளர் என்ற கருத்தே தெரியாது. மவுண்டின் போது சொல்லும் பயனர் எண்ணான யுஐடிதான் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர். யூடிஸ்க்ஸ் மவுண்ட் செய்பவரின் எண்ணைக் கொடுக்கும். ஆகவே அவர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். நகலெடுக்க அது போதும்தானே? களத்துப் பதிவு இருக்கும் கார்டில் நான்கு பேர் எழுதாமல் இருப்பதே நல்லது என்பேன்.

#21 ஒலித்துளி

போதும். கார்டில் அழிப்பதைக் கருவியிலேயே வைத்துக்கொள்கிறோம்.

4 டிபி டிஸ்க்குக்கு யூசர்ஸ், நோஆட்டோ போட்டு எஃப்எஸ்டேப் வரி எழுதினேன். எல்லோராலும் மவுண்ட் செய்ய முடிகிறது, எழுத மட்டும் முடியவில்லை. யுஐடி தேர்வைச் சேர்த்துப் பார்த்தால் மவுண்டே ஆகவில்லை. இதைவிட விசித்திரம்: என் மடிக்கணினியில் நான் எழுதி வைத்த கோப்புகள் எல்லாம் இங்கே நண்பர் ஒருவருடைய பெயரில் தெரிகின்றன! அவர் அந்த டிஸ்க்கைத் தொட்டதே இல்லை.

#22 கருந்திரை

இஎக்ஸ்டி4-க்கு யுஐடி தேர்வு கிடையாது, அதனால் மறுத்துவிட்டது. உரிமையாளர் யார் என்பது டிஸ்க்குக்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஆனால் பெயராக அல்ல, எண்ணாக. எல்எஸ் ஆணைக்கு எல்என் தேர்வு கொடுத்துப் பாருங்கள், 1000 என்று வரும். பெரும்பாலான வினியோகங்களில் முதல் பயனருக்கு 1000 கிடைக்கும். உங்கள் மடிக்கணினியில் 1000 நீங்கள். இந்தக் கணினியை முதலில் நிறுவியவர் உங்கள் நண்பராக இருக்க வேண்டும், இங்கே 1000 அவர்.

டிஸ்க்குக்கு உங்களையும் தெரியாது, அவரையும் தெரியாது. ஆயிரத்தைத்தான் தெரியும்.

நான் செய்வது இது: இரண்டு கணினியிலும் ஒரே ஜிஐடி (குழு) எண்ணில் ஒரு குழு, சொல்லப்போனால் அதே கார்டுகுழு. டிஸ்க்கை மவுண்ட் செய்த *பிறகு*, ரூட்டாக அதன் வேர் அடைவை அந்தக் குழுவுக்கு மாற்றி 2775 போடுங்கள். முன்னால் இருக்கும் 2 என்பது செட்ஜிஐடி. அந்த அடைவில் யார் கோப்பு உருவாக்கினாலும் குழு அதுவாகவே இருக்கும், உள்ளே பிறக்கும் அடைவுகளுக்கும் அந்த 2 தொடரும். ஏற்கெனவே இருக்கும் அடைவுகளுக்கு மட்டும் ஒருமுறை கையால் போட வேண்டும். நால்வரின் யூமாஸ்க் 002 ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுக்கோப்பில் குழுவுக்கு எழுதும் உரிமை விழாது. யூமாஸ்க்கை எல்லோரிடமும் மாற்றச் சொல்ல முடியாது என்றால் அடைவுக்கு டிஃபால்ட் ஏசிஎல் வைத்துவிடுங்கள், இன்னும் சுத்தம்.

கர்னல் 5.12 முதல் மவுண்ட் செய்யும்போதே எண்களை மாற்றிக் காட்டும் ஐடிமேப் வசதியும் இருக்கிறது. உங்கள் நால்வருக்கு அது பெரிய பீரங்கி.

#23 வேகத்தட்டு

குழுவில சேர்த்த உடனே வேலை செய்யலன்னு அடுத்த பதிவு வரும் பாருங்க. வெளியேறி மறுபடி நுழையணும். டிமக்ஸ் (ஷெல்லை மூடாம வெச்சிருக்கிற கருவி) திறந்து வெச்சிருந்தா அதையும் மூடணும், பழைய ஷெல்லுக்குப் புதுக் குழு தெரியாது. இதுல நான் ரெண்டு மணி நேரம் தொலைச்சிருக்கேன்.

#24 ஒலித்துளி

அடுத்த பதிவு அதுவாகத்தான் இருந்திருக்கும். டிமக்ஸேதான். நன்றி!

எழுத முடிகிறது. கார்டைக் கழற்றுவதற்கும் ஒரு விதி எழுத வேண்டுமா? ஓர் இடத்தில் யூடிஸ்க்ஸ்2 என்று தொடங்கும் எல்லாச் செயலுக்கும் யெஸ் கொடுத்துவிட்டால் ஒரே வரியில் முடியும் என்று பார்த்தேன்.

#25 பூட்டுச்சாவி

அந்த ஒரே வரி ஆபத்தானது. 2025 ஜூனில் குவாலிஸ் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

யூடிஸ்க்ஸ் தன் வேலைக்கு லிப்பிளாக்டெவ் என்ற நூலகத்தை நம்பியிருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் பகிர்வை அளவு மாற்ற வேண்டுமானால் அதை மவுண்ட் செய்தாக வேண்டும், அதனால் அந்த நூலகம் தானே ஒரு தற்காலிக இடத்தில் மவுண்ட் செய்துகொள்ளும். அப்போது நோஎஸ்யுஐடி, நோடெவ் போட மறந்திருந்தார்கள். #14-இல் நான் சொன்ன அதே படக்கோப்பு வித்தை. சுடோ கூடத் தேவையில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கான சலுகை இருந்தால் போதும், ரூட். இந்த ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2025-6019. கூடவே 6018 என்று இன்னொன்று: ஓப்பன்சூசே லீப் 15-இலும் சூசே என்டர்பிரைஸ் 15-இலும் பாம் என்ற உள்நுழைவு அமைப்பில் இருந்த ஓட்டையால் எஸ்எஸ்ஹெச்சில் வந்தவரே நாற்காலியில் இருப்பதாக நடிக்க முடிந்தது. இரண்டையும் கோத்தால் எஸ்எஸ்ஹெச்சிலிருந்து நேராக ரூட்.

திருத்தங்கள் வந்துவிட்டன, டெபியன் 12-க்கும். கணினியைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. யூடிஸ்க்ஸ்2 என்று தொடங்கும் செயல்களில் பகிர்வை மாற்றுவது, ஃபார்மட் செய்வது, லூப் கருவி உருவாக்குவது எல்லாம் அடக்கம். எஸ்எஸ்ஹெச்காரருக்கு மொத்தமாக ‘யெஸ்’ கொடுத்தால், அடுத்த ஓட்டை வரும்போது நீங்கள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பீர்கள். நான்கு பேரும் உத்தமர்களாகவே இருக்கட்டும், ஒருவருடைய எஸ்எஸ்ஹெச் சாவி திருடு போனால் போதும்.

தேவையான செயலின் பெயரை முழுதாக எழுதுங்கள். ஒவ்வொன்றாக.

#26 வேகத்தட்டு

நாலு பேர் ஒலிப்பதிவு பண்றதுக்கு இவ்வளவு பயம் தேவையா?

#27 பூட்டுச்சாவி

கூடுதலாக இரண்டு பெயர் தட்டுவதுதான் இதற்கு ஆகும் செலவு. பயம் இல்லை, கணக்கு.

#28 கருந்திரை

பூட்டுச்சாவி சொல்வதுதான் சரி. கழற்றுவது பற்றி: தான் மவுண்ட் செய்ததைத் தானே கழற்ற யூடிஸ்க்ஸ் யாரையும் கேட்காது, விதி வேண்டாம். இன்னொருவர் மவுண்ட் செய்ததைக் கழற்ற ஃபைல்சிஸ்டம்-அன்மவுண்ட்-அதர்ஸ். அதைக் குழுவுக்குக் கொடுப்பதா என்பது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால் கொடுக்க மாட்டேன், ஒருவர் நகலெடுக்கத் தொடங்கும் நேரத்தில் இன்னொருவர் பிடுங்கிவிடுவார். ரீடரின் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டுமானால் பவர்-ஆஃப்-டிரைவ்-அதர்-ஸீட் என்று தனிச் செயல்.

இன்னொன்று, இது அனுமதியைப் பற்றியது அல்ல, ஆனால் எல்லோரும் அனுமதிச் சிக்கல் என்று எண்ணிக் குழம்புவது. கார்டில் எழுத முயன்று தோற்றால் செய்தியைக் கூர்ந்து பாருங்கள். ‘பெர்மிஷன் டினைடு’ என்றால் இதுவரை பேசியவை. ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றால் யார் எந்தக் குழுவில் இருந்தாலும் பயனில்லை. கார்டின் பக்கத்துப் பூட்டு தள்ளப்பட்டிருக்கும், அல்லது கோப்பு அமைப்பில் கோளாறு கண்டு கர்னலே படிக்க மட்டும் என்று மாற்றியிருக்கும். அப்போது சிஹெச்மாட் போட்டுக்கொண்டிருக்காமல் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் படியுங்கள், கார்டில் இருப்பதை உடனே வெளியே எடுங்கள்.

#29 எறும்பு

வெளி டிஸ்க்கை லக்ஸ் கொண்டு குறியாக்கம் செய்திருந்தாலும் இதே விதி போதுமா?

#30 கருந்திரை

போதாது. திறப்பதற்கு என்கிரிப்டட்-அன்லாக்-அதர்-ஸீட் என்று இன்னொரு செயல் இருக்கிறது, அதையும் சேர்க்க வேண்டும். திறந்த பிறகு மவுண்ட் வழக்கம்போல. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், பேச நிறைய உண்டு.

#31 ஒலித்துளி

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். விதிக் கோப்பில் இரண்டே செயல்கள்: மவுண்ட், பவர் ஆஃப். ரீடருக்கு யூடெவ் வரி ஒன்று. டிஸ்க்குக்கு எஃப்எஸ்டேப் வரி ஒன்று. டிஸ்க் குழு, பிளக்டெவ் இரண்டிலிருந்தும் எல்லோரையும் எடுத்துவிட்டேன் (டிஸ்க்கில் ஒருவரைச் சேர்த்துத்தான் வைத்திருந்தேன், #3-ஐப் படித்தபோது வெட்கமாக இருந்தது). இந்த வாரம் ஓர் அழைப்புகூட வரவில்லை.

நேற்று மட்டும் ஒன்று. காப்புநகல் டிஸ்க்கைக் கழற்றப் போனால் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்கிறது. மூன்று பேருக்கும் செய்தி அனுப்பினேன், யாரும் பயன்படுத்தவில்லை என்கிறார்கள். அனுமதிச் சிக்கலா?

#32 பழையகர்னல்

இல்லை. யாரோ உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். எஃப்யூசர் ஆணையை வி, எம் தேர்வுகளோடு ரூட்டாக ஓட்டு. ஆளின் பெயரையே சொல்லும்.

#33 ஒலித்துளி

ஓட்டினேன். என் பெயர் வந்தது. டிமக்ஸின் மூன்றாவது ஜன்னலில் சிடி போட்டு டிஸ்க்குக்குள் போய் அப்படியே விட்டிருக்கிறேன்.